கல்யாணமாகி 27 வருடம், நானும் மனைவியும் சேர்ந்தே தொழில் செய்கிறோம், காகிதத்தில் மட்டும் அவள் இல்லை. என்ன செய்யலாம்?

பவர்டேபிள்காரன் (திருப்பூர்)

எல்லோருக்கும் வணக்கமுங்க. நான் இங்கே நூல் விலை, ஜாப் ஒர்க் (கம்பெனி துணியைக் கூலிக்குத் தைப்பது) ரேட் பேசும் இடங்களில் மட்டும் எட்டிப் பார்ப்பவன். வீட்டு விஷயம் எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும்.

எங்களுக்குக் கல்யாணமாகி 27 வருடம். அதற்கு முன்னாலேயே இரண்டு பேரும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை. நான் ஓவர்லாக் டெய்லர், அவள் செக்கிங். 2001ல் இரண்டு பழைய மெஷின் வாங்கி வீட்டுத் திண்ணையில் போட்டோம். இன்றைக்கு 22 மெஷின், தனி ஷெட். நடுவில் பட்ட பாடு திருப்பூர்க்காரர்களுக்குத் தெரியும். 2011ல் கோர்ட் உத்தரவில் சாயப்பட்டறைகளை மூடியபோது துணி வராமல் மெஷினை எல்லாம் போர்த்தி வைத்திருந்தோம். 2016 நவம்பரில் நோட்டு செல்லாது என்றபோது சனிக்கிழமைச் சம்பளத்துக்குக் கையில் காசில்லை. அவள்தான் மளிகைக்கடைக்காரரிடம் போய் நின்று, எங்கள் பேரில் கணக்கு வைத்து ஒவ்வொரு டெய்லருக்கும் அரிசி பருப்பு வாங்கிக் கொடுத்தாள். ஒருத்தர்கூட வேலையை விட்டுப் போகவில்லை.

வெளிவேலை எல்லாம் நான். கம்பெனிக்குப் போய் கட்டிங் (வெட்டிய துணி) எடுத்து வருவது, ரேட் பேசுவது, மெஷின் ரிப்பேர். உள்ளே எல்லாம் அவள். சம்பள நோட்டு, பீஸ் கணக்கு, செக்கிங், அப்புறம் ஊசி நோட்டு. ஏற்றுமதி வேலை செய்பவர்களுக்கு இது தெரியும். ஒரு ஊசி உடைந்தால் உடைந்த துண்டு அத்தனையும் தேடி எடுத்து நோட்டில் செலோ டேப் போட்டு ஒட்டி, தேதி, மெஷின் நம்பர் எழுதின பிறகுதான் புது ஊசி. துணியில் ஒரு முனை போய்விட்டால் குழந்தை உடம்பில் குத்தும். ஒரு தடவை கடுகளவு முனை ஒன்று கிடைக்காமல், ராத்திரி பத்து மணிக்குக் காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு 300 பீஸைத் தடவித் தேடியவள் அவள். நான் “விடு, நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றேன். “நாளைக்கு லாரி ஏறிடும் மாமா” என்றாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஓ.டி. (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுத்துக்கொள்ளும் கடன்) லிமிட் கூட்டக் கேட்டு பேங்க் போனோம். மேனேஜர் கேட்ட எல்லாக் கேள்விக்கும் நான் அவள் பக்கம்தான் திரும்பினேன். மாசம் எவ்வளவு பீஸ், எந்தக் கம்பெனி எத்தனை நாள் பாக்கி, கரண்ட் பில் எவ்வளவு, எல்லாம் அவள்தான் விரல் நுனியில் சொன்னாள். ஜாமீன்தாராகவும் அவள்தான் கையெழுத்து. படிவத்தில் “தொழில்” என்று ஒரு கட்டம். அவர் “ஹவுஸ் வைஃப்னு போட்டுக்கலாங்களா?” என்று கேட்டார்.

நான்தான் “ஆமாங்க” என்றேன்.

வரும்போது ஸ்கூட்டரில் என் தோளைப் பிடிக்காமல் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சண்டை எல்லாம் இல்லை. சாப்பாடு போட்டாள், சனிக்கிழமை சம்பளம் எண்ணினாள். நான்கு நாள் கழித்து, “ஒண்ணும் கோவமில்ல. ஆனா கம்பெனில எம் பேரு எங்கயாச்சும் இருக்குதா?” என்றாள். தேடிப் பார்த்தேன். ஜி.எஸ்.டி., உத்யம் (சிறுதொழில் பதிவு), கரண்ட் கனெக்‌ஷன், ஷெட் வாடகை ஒப்பந்தம், எல்லாம் என் பேர். அவள் பேர் இருப்பது ஜாமீனில் மட்டும்.

பார்ட்னர்ஷிப் ஆக்கிவிடலாமா? அல்லது சம்பளம் போட்டால் போதுமா? சேர்ந்து தொழில் செய்பவர்கள் சொல்லுங்கள்.

---

லேத்துப்பட்டறை (கோவை)

அண்ணா, தப்பாக எடுத்துக்காதீங்க. நான் கல்யாணமாகி 22 வருடம் சந்தோஷமாக இருக்க ஒரே காரணம், பட்டறையை வீட்டு கேட்டுக்கு வெளியே நிறுத்தியதுதான். எந்த மெஷின் லோனில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. நிம்மதியாகத் தூங்குகிறாள்.

எங்கள் சொந்தத்தில் ஒரு புருஷன் பெண்டாட்டி பார்ட்னர்ஷிப் போட்டார்கள். பெரிய பார்ட்டி ஏமாற்றிவிட்டான், இவர்கள் கொடுத்த செக் திரும்பியது. கேஸ் இரண்டு பேர் மீதும். நிர்வாகத்தில் இருக்கும் பங்குதாரர் எல்லோர் பேரையும் செக் கேஸில் சேர்ப்பார்கள், தெரியும்தானே? வாய்தாவுக்கு வாய்தா அந்த அக்கா டிபன் டப்பாவோடு கோர்ட் வராண்டாவில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவன் நான். கூட்டு நிறுவனத்தில் கடன் என்றால் பங்குதாரரின் சொந்தச் சொத்து வரைக்கும் வரும். பேர் போடுவது பாசமில்லை, மாட்டிவிடுவது.

---

மெஸ்_அக்கா (மதுரை)

லேத்துப்பட்டறை தம்பி, நீங்கள் சொல்வதில் ஒன்று இடிக்கிறதே. அந்தத் தங்கச்சி ஏற்கெனவே ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். கடன் திரும்பவில்லை என்றால் பேங்க்காரன் அவளிடமும்தான் வருவான். அப்படியென்றால் நட்டத்தில் முழுப் பங்கு, லாபத்தில் பேர்கூட இல்லை. இது எந்த ஊர் நியாயம்?

எங்களுடையது 31 வருட மெஸ். காலையில் 4 மணிக்கு அடுப்பு. அடுப்படி என் ராஜ்யம், கல்லா அவருடையது. ஆள் வைப்பது, நிறுத்துவது இரண்டு பேரும் பேசித்தான். ஒரு சட்டம் உண்டு. வேலையாட்கள் முன்னால் ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்கக் கூடாது. அவர் கல்லாவில் இருந்து “இன்னைக்கு ரசம் தண்ணியா இருக்கு மேடம்” என்றால் கோபம் என்று அர்த்தம். சாதாரணமாகப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். பந்தி பரிமாறும் பையன்களுக்கே இது தெரியும், “மேடம்” என்ற சத்தம் கேட்டாலே பின்பக்கம் போய்விடுவார்கள்.

மத்தியானக் கூட்டம் ஓய மூன்றரை ஆகும். அப்போது கடைசி இலை இரண்டும் எங்களுக்கு. அந்த அரை மணி நேரம் அரிசி விலை பேச மாட்டோம். என்ன பேசுவோம் என்றால் பெரும்பாலும் ஒன்றும் பேச மாட்டோம். அவர் என் இலையில் அப்பளம் வைப்பார், நான் அவர் இலையில் இருந்து ஊறுகாயை எடுத்துவிடுவேன், பிரஷர் இருக்கிறது அவருக்கு.

மெஸ் லைசென்ஸ் என் பேரில். 1994ல் என் மாமனார்தான் “சமைக்கிறவ பேர்ல இருக்கட்டும்” என்று சொன்னார். பெரிய மனுஷர்.

---

பீஸ்ரேட் (திருப்பூர்)

பொண்டாட்டி பேரைப் போட்டால் அப்புறம் வீட்டில் நம்ம பேச்சு எடுபடுமா அண்ணா 😄

---

மெஸ்_அக்கா (மதுரை)

இப்போது எடுபடுகிறதா தம்பி?

---

கணக்குப்பிள்ளை (ஈரோடு)

ஆடிட்டர் ஆபீசில் 18 வருடம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். கடைசியில் உங்கள் ஆடிட்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

சம்பளம் போடுவது சுலபம் என்று தோன்றும். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. உங்கள் தொழிலில் இருந்து மனைவிக்குச் சம்பளம் கொடுத்தால், அந்த வேலைக்கான தொழில்நுட்பத் தகுதி அவருக்கு இருக்கிறது, அதற்காகத்தான் சம்பளம் என்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் வருமான வரியில் அந்தத் தொகையை உங்கள் வருமானத்தோடு சேர்த்துவிடுவார்கள். பங்குதாரராகச் சம்பளம் எடுத்தாலும் இதே கேள்வி வரலாம். பட்டம் படித்திருந்தால்தான் தகுதி என்றில்லை, அனுபவ அறிவையும் ஏற்றுக்கொண்ட தீர்ப்புகள் உண்டு. அந்த ஊசி நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள் அண்ணா, அவர் கையெழுத்தில் இத்தனை வருடப் பதிவு இருக்கிறது.

பார்ட்னர்ஷிப் என்றால் பத்திரம் எழுதி, புது பான், புது ஜி.எஸ்.டி. எண், புது உத்யம், புது நடப்புக் கணக்கு. பழைய ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரி (சரக்கு வாங்கும்போது கட்டிய வரி) மிச்சம் நின்றால் ஐ.டி.சி.-02 படிவம் போட்டு மாற்றிக்கொள்ளலாம். 1932ம் வருடச் சட்டப்படி பதிவு கட்டாயமில்லை. ஆனால் பதியாத நிறுவனம், பணம் தராத பார்ட்டி மீது ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போட முடியாது. ஜாப் ஒர்க்காரர்கள் இந்த விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

வரிதான் யோசிக்க வைக்கும். தனி உரிமையாளராக உங்களுக்கு ஸ்லாப் உண்டு, அதாவது வருமானம் ஏற ஏறத்தான் வரி சதவீதம் ஏறும். கூட்டு நிறுவனத்துக்கு அது கிடையாது, லாபத்தில் நேராக 30 சதவீதம், மேலே செஸ். ஆனால் அதற்கு முன்னால் உழைக்கும் பங்குதாரர்களின் சம்பளத்தைக் கழிக்கலாம். முதல் 6 லட்சம் லாபத்துக்கு 90 சதவீதம் அல்லது 3 லட்சம், இதில் எது அதிகமோ அது. அதற்கு மேலே உள்ள லாபத்தில் 60 சதவீதம். பத்திரத்தில் எழுதியிருந்தால்தான் இந்தக் கழிவு. 2025 ஏப்ரலில் இருந்து, பங்குதாரருக்கு வருடத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் சம்பளம், வட்டி கொடுத்தால் 10 சதவீதம் பிடித்துக் கட்டவும் வேண்டும்.

லேத்துப்பட்டறை சொன்ன பொறுப்பு விஷயம் உண்மை. மெஸ் அக்கா சொன்னதும் உண்மை. ஜாமீன்தாரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்கு ஒரு ரூபாய்கூடக் குறைந்ததில்லை.

---

மிட்டாய்க்கடை_மகள் (இப்போது பெங்களூர்)

தொழில் செய்பவர்கள் எல்லோரும் பேசுகிறீர்கள். நான் அந்தக் கடைக்குள் வளர்ந்தவள். கோவில்பட்டியில் கடலை மிட்டாய் போடும் குடும்பம்.

அப்பா பாகு, அம்மா கணக்கும் பாக்கிங்கும். பாகுப் பதத்தை ஒரு சொட்டு தண்ணீரில் விட்டு, எடுத்துக் கல்லில் தட்டினால் “டங்” என்று கேட்க வேண்டும். அப்பா தட்டுவார், ஆனால் சத்தம் சரியா என்று சொல்வது முன்னறையில் நோட்டு எழுதிக்கொண்டிருக்கும் அம்மா. தலை நிமிராமல் “இன்னும் கொஞ்சம்” என்பாள். தினமும் நடக்கும் விஷயம். சின்ன வயதில் எனக்கு இது ஏதோ வேலை என்றுதான் தெரியும்.

உண்மையைச் சொன்னால் எனக்கு ரொம்ப நாள் ஒரு குறை இருந்தது. இவர்கள் இரண்டு பேரும் கடலை, வெல்லம் தவிர எதுவுமே பேச மாட்டார்களா என்று. சினிமா, பூ, கோயில் என்று மற்ற வீட்டு அப்பா அம்மா மாதிரி கிடையாது. அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது நான் கூட இருந்தேன். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்ததும் அப்பா கட்டில் பக்கத்தில் குனிந்து, “இந்தத் தடவ கரிசக்காட்டுக் கடல நல்லா தெரண்டு வந்திருக்கு. மூட்டைய நீ வந்து பாத்துட்டுத்தான் பிரிக்கணும்னு வச்சிருக்கேன்” என்றார். அம்மா சிரித்தாள், தையல் வலித்தது, திட்டினாள். எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது, அவர்கள் இத்தனை வருடம் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் என்று.

அதனால் லேத்துப்பட்டறை அண்ணா, கேட்டுக்கு வெளியே நிறுத்துவது உங்களுக்குச் சரியாக இருக்கலாம். சில வீடுகளில் கேட்டே கிடையாது.

---

லேத்துப்பட்டறை (கோவை)

சரி தாயி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பயம் போகவில்லை. எங்கள் அப்பா தொழில் முறிந்து கடன்காரர்கள் வீட்டுக்குள் வந்து அம்மாவின் இட்லி குண்டானைத் தூக்கிப் போனதைப் பார்த்தவன் நான். நான் எடுத்துவைத்த ஒரு ஏற்பாட்டைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். என் ஆயுள் காப்பீட்டு பாலிசியை 1874ம் வருடத் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுத்திருக்கிறேன். எடுக்கும்போதே தனிப் படிவம் கொடுக்க வேண்டும், பிறகு கேட்டால் கிடையாது. அந்தப் பணம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும்தான், என் கடன்காரர்கள் அதன் மேல் கை வைக்க முடியாது. நானே நினைத்தாலும் அதை வைத்து லோன் வாங்க முடியாது. அதுதான் அதில் எனக்குப் பிடித்தது.

---

ஒற்றைக்கையெழுத்து (கரூர்)

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருந்தேன். எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

எங்களுடையது பெட்ஷீட், தலையணை உறை தைத்துக் கொடுக்கும் யூனிட். 19 வருடக் குடும்ப வாழ்க்கை. 2021 மே மாதம் அவர் போய்விட்டார். அவர் என்னை நம்பவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. பீரோ சாவி, பாஸ்வேர்டு, பார்ட்டிகளின் நம்பர் எல்லாம் என்னிடம்தான். டிஸ்பாட்ச் முழுக்க நான். கையெழுத்து மட்டும்தான் அவருடையது.

காரியம் முடிவதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. 14 டெய்லர்கள் வாசலில் நிற்கிறார்கள், கேட்கவும் முடியாமல் போகவும் முடியாமல். நடப்புக் கணக்கில் பணம் இருக்கிறது, எடுக்க முடியாது. அவர் பேரில் இருந்த ஜி.எஸ்.டி.யில் நான் பில் போட முடியாது. பாக்கி வைத்த பார்ட்டிகளில் இரண்டு பேர் மட்டும் “அக்கா, உங்க அக்கவுண்ட் நம்பர் குடுங்க” என்றார்கள். மற்றவர்கள் “வாரிசு சர்டிபிகேட் வரட்டும்” என்றார்கள். சட்டப்படி சரிதான். நான் செயினை வைத்துச் சம்பளம் கொடுத்தேன். வாரிசுச் சான்றிதழ், புது ஜி.எஸ்.டி., புது கணக்கு என்று எல்லாம் கைக்கு வர ஐந்து மாதம் ஆனது. அதற்குள் வேலை கொடுத்த கம்பெனி வேறு ஆளைப் பிடித்துவிட்டது. யார் மீதும் கோபமில்லை, லாரி காத்திருக்காது.

இன்றைக்கு 6 மெஷின் வைத்து ஓட்டுகிறேன். தாலுகா ஆபீசில் ஒரு தடவை “நீங்க யாரும்மா அந்தக் கம்பெனிக்கு?” என்று கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் இப்போது உங்கள் வீட்டம்மா உங்களிடம் கேட்டிருக்கிறார்.

---

மெஸ்_அக்கா (மதுரை)

தங்கச்சி, உங்களுக்குத் தனியாக மெசேஜ் போட்டிருக்கிறேன். பாருங்கள்.

---

கணக்குப்பிள்ளை (ஈரோடு)

கரூர் அக்கா எழுதியதைப் படித்த பிறகு ஒன்றைச் சேர்க்க வேண்டும். இரண்டே பேர் உள்ள பார்ட்னர்ஷிப்பிலும் ஒருவர் இறந்தால் நிறுவனம் கலைந்துவிடும், ஒற்றை ஆளாகக் கூட்டு நிறுவனம் நடத்த முடியாது. “பங்குதாரர் இறந்தாலும் நிறுவனம் தொடரும்” என்று பத்திரத்தில் எழுதிவைத்தாலும் ஆள் இருந்தால்தானே தொடரும். பிள்ளைக்கு 18 வயது முடிந்திருந்தால் சின்னப் பங்கு கொடுத்து மூன்றாவது ஆளாகச் சேர்த்து, அந்த ஷரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். நடப்புக் கணக்கில் “இருவரில் யார் வேண்டுமானாலும்” என்று கையெழுத்து அதிகாரம் வாங்கிவிடுங்கள். இரண்டு கையெழுத்தும் வேண்டும் என்று போட்டால் ஒருவர் ஊருக்குப் போனாலே சம்பளம் நின்றுவிடும்.

---

பீஸ்ரேட் (திருப்பூர்)

நேற்று கிண்டலாக எழுதியதற்கு மன்னிக்கவும். இன்றைக்குக் காலையில் எங்கள் வீட்டு பேப்பர் எல்லாம் எடுத்துப் பார்த்தேன். அவளும் எங்கேயும் இல்லை.

---

பவர்டேபிள்காரன் (திருப்பூர்)

எல்லோருக்கும் நன்றிங்க. மூன்று வாரம் பதில் எழுத முடியவில்லை, பண்டிகை ஆர்டர்.

கரூர் அக்கா எழுதியதை நான் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, “அந்த ரெண்டு பார்ட்டி யாருன்னு கேளுங்க, நல்லவிங்க” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஆடிட்டரைப் பார்த்தோம். கணக்குப்பிள்ளை சொன்ன கணக்கைத்தான் அவரும் போட்டார். எங்கள் அளவுக்கு, இரண்டு பேரும் சம்பளம் எடுத்த பிறகு நிறுவனத்தில் பெரிதாக லாபம் நிற்காது, வரி கொஞ்சம்தான் கூடும் என்றார். பையனுக்கு 23 வயது, 10 சதவீதத்துக்குச் சேர்க்கிறோம். அவன் கேட்ட முதல் கேள்வி, “அப்ப சனிக்கிழம சம்பளம் எண்ண நானும் உக்காரணுமா?” அவனுடைய அம்மா, “மொதல்ல நூல் பிசிர் வெட்டு, அப்புறம் எண்ணலாம்” என்றாள். மீதி 90ல் எனக்கு 45, அவளுக்கு 45. நான் 50ஐ அவளுக்கே கொடுக்கலாம் என்றேன். “எதுக்கு, நாளைக்கு மெஷின் ரிப்பேருக்கு என்னையக் கூப்புடறதுக்கா?” என்றாள்.

பத்திரத்தின் முதல் நகல் அடித்து வந்தது. முதல் பக்கத்தில் என் பேருக்குப் பக்கத்தில் “தொழில்: பனியன் தையல் ஜாப் ஒர்க்”. அவள் பேருக்குப் பக்கத்தில் “தொழில்: இல்லத்தரசி”. டைப் அடிக்கிற தம்பி பழக்கத்தில் போட்டுவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சட்டைப் பையிலிருந்து என் பேனாவை எடுத்து அதை அடித்துவிட்டு, மேலே “சேம்” என்று எழுதினாள். தம்பி, “அம்மா, பத்திரத்துல சேம்னு போட முடியாதுங்க” என்றார். சரி, முழுசாக எழுதுங்கள் என்று அவளே வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள். செக்கிங், பீஸ் கணக்கு, சம்பளம், ஊசி நோட்டு. அவர் ஊசி நோட்டு என்றால் என்ன என்று கேட்டார். அதை விளக்கவே கால் மணி நேரம்.

வரும்போது தோளைத்தான் பிடித்துக்கொண்டு வந்தாள், எழுதாமல் இருக்க முடியவில்லை.

இப்போது வேறு பஞ்சாயத்து. நிறுவனத்துக்குப் புதுப் பேர் வைக்க வேண்டும். பழைய பேர் என் அப்பா பேர். அவள் அதையே வைத்துக்கொள்ளலாம் என்கிறாள், நான் மாற்றலாம் என்கிறேன், பையன் இங்கிலீஷில் ஏதோ சொல்கிறான். வியாழக்கிழமை போர்டு எழுதுபவர் வருகிறார். யாருக்காவது நல்ல பேர் தோன்றினால் அதற்குள் சொல்லுங்கள்.